ஆற எடுத்த நேரம்

அறுபத்தெட்டாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்
கொக்குவிலில என்ர லேத் பட்டறைக்கு வந்தவ,
இரசாயனம் படிப்பிச்ச பரிமளகாந்தி ரீச்சர்.
கையில கிழிச்ச கொப்பித்தாள், பென்சில் படம்:
கீழே மொறிஸ் மைனரின்ர பிளைவீல்,
நடுவில அச்சு, மேலே ஒரு தட்டு.
"தண்ணி இறைக்கவோ?" எண்டன்.
"கோப்பை செய்ய."
நான் சிரிச்சன். அவ சிரிக்கேல்லை.
"தட்டு அரை நூல் ஆடினாலும் எனக்குச் சரிவராது."

மூண்டு தரம் திருப்பிக் கொண்டுவந்தவ.
நாலாம் தரம், சதுர ஐஞ்சு சதக் குத்தியைத்
தட்டில விளிம்போட நிறுத்தி
மெல்ல மிதிச்சா.
விழேல்லை.
காசை எண்ணித் தந்தா, அந்தக் குத்தியையும் சேர்த்து.

அண்ணர் படலையில நிண்டு கத்தினவர்:
"கம்பசுக்குப் போய்ப் படிச்சது இந்தச் சாதித் தொழிலுக்கோ?"
சூளை வைக்கிற ஆக்களிட்டப் போக
அவையும் உள்ள விடேல்லை.
"எங்களில சில்லுத் தொடுறது ஆம்பிளையள்.
உங்களுக்கு விளையாட்டு, எங்களுக்கு வயிறு."
அதுக்கு அவ மறுமொழி சொல்லேல்லை.
கொப்பியில திகதி போட்டு எழுதினா: "உண்மை."

முதற் சூளை நாப்பது கோப்பை, எல்லாம் வடிவு.
மூண்டாம் கிழமை, அலுமாரிக்குள்ள
டிக், டிக் எண்டு சத்தம்.
உரும்பிராய்ச் செம்மண்ணுக்குள்ள ஒளிச்சிருந்த சுண்ணாம்பு
ஈரக்காத்தைக் குடிச்சு வீங்கி
கோப்பையளின்ர கன்னத்தைப் பேத்துக்கொண்டு வந்தது.
அவ கதிரையை இழுத்துப் போட்டு இருந்து
விடியுமட்டும் எண்ணினா: எது, எத்தினை மணிக்கு.

பிறகு முருங்கன் களி லொறியில வந்தது.
மணற்காட்டு மணல். பனஞ்சாம்பல்.
நெருப்பு வெள்ளையாகிற நேரம்
ஆனையிறவு உப்பைச் சரை சரையாய் உள்ள எறிவா.
நாங்கள் இருமிக்கொண்டு விலகி ஓட,
உள்ளே களிக்குத் தோடம்பழத் தோல் முளைக்கும்.
அதைத் தடவிப் பார்த்த அண்டைக்குத்தான்
அரை நூல் எனக்கு விளங்கினது.

தொண்ணூறில கரண்ட் போச்சு, என்ர லேத் நிண்டுது.
அவவின்ர சில்லுக்கு அது தெரியாது, கால்தானே.
நான் விறகு தள்ளப் போனன், கூலிக்கு.
இரவில சூளை எரிஞ்சால் பொம்பர் வருமெண்டு
அயல் முழுக்கச் சண்டை.
அவையும் பிழையில்லை எண்டு
இருட்டோட மூட்டி, பொழுதுபட முடிக்கப் பழகினா.

தொண்ணூற்றைஞ்சு, ஐப்பசி.
கூம்பு சாய்ஞ்சு, வாசலைக் கல்லும் களியும் வைச்சு அடைச்சுக்
கை கழுவேல்லை,
ஒலிபெருக்கி வந்தது: எல்லாரும் வெளிக்கிடுங்கோ.
மழை. நாவற்குழிப் பாலம்.
சைக்கிள் கரியரில கொப்பி, பொலித்தீன் சுத்தி.
சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில
ஆக்கள் பூட்டாத வீட்டை, அவிழ்க்காத மாட்டைச் சொல்லி அழ
இவ மூண்டு நாளாய் ஒண்டைத்தான் சொன்னவ:
"புகைக்கூட்டுத் தகட்டை
இரண்டு விரல் திறந்து விட்டுட்டன்."

சித்திரையில திரும்பி வந்தம்.
வீட்டில ஓடில்லை, நிலையில்லை, கதவில்லை.
புகைக்கூடு இடுப்போட முறிஞ்சு கிடந்தது.
சூளை வாசல் மட்டும் அடைச்சபடி,
களி வெடிப்புக்குள்ள ஒரு குப்பைமேனி.
கல்லை நான் கழட்டக் கழட்ட
அவ வாங்கி வரிசையாய் அடுக்கினா,
அடுத்த சூளைக்கு வேணுமாம்.
அறுபத்துமூண்டு சாமான். சாம்பல் மணம்.
ஒரு பல்லி முட்டை.

கொப்பியை விரிச்சு, நிண்டபடி எழுதினா:
ஆற எடுத்த நேரம்: ஐஞ்சு மாதம், பத்தொன்பது நாள்.
முடிவு: நல்லம். தேத்தண்ணிப் போச்சி மூடி ஒண்டு ஒட்டினது.

ஒரு கோப்பையை நான் எடுத்தன்.
சும்மா தருவா எண்டு நினைச்சன்.
"முப்பது ரூபா" எண்டா.
ஐஞ்சு சதம் குறைச்சுக் குடுத்தன்.
எண்ணிப் பார்த்தவ,
கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில என்ர பேரை எழுதினா.
அது இன்னும் வெட்டுப்படேல்லை.